நடமாடும் ஆசிரியைகள்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழா மேடையில் பழைய நாட்களை நினைவுகூருவது வழமை. அந்தப் பணியை எம்மிலும் மூத்தவர்கள் நிறைவாகச் செய்துவிட்டார்கள். எமக்குத் தரப்பட்ட பொருள் வேறு. பார்வை, செவிப்புலன், உடல் இயக்கம், கற்றல் என்பவற்றில் ஏதேனும் இடர்ப்பாடுள்ள பிள்ளைகள் தமது ஊர்ப் பாடசாலையிலேயே ஏனைய பிள்ளைகளோடு சேர்ந்து படிப்பதை உட்படுத்தல் கல்வி என்கிறோம். பணமும் குறைவு, பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் குறைவு என்ற நிலையிலுள்ள நாடுகளில் அது எப்படி நடைபெறுகிறது என்பதைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறோம்.

இதை ஏன் இங்கே பேசவேண்டும்? நாம் கொடுக்கிறவர்கள். ஊருக்கும் அனுப்புகிறோம், வாழுகின்ற நாடுகளில் ஆபிரிக்க, ஆசியப் பிள்ளைகளுக்காக நிதி சேர்க்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் கொடுக்கிறோம். எதற்குக் கொடுக்கிறோம், அது பிள்ளையின் கையில் என்னவாகப் போய்ச் சேருகிறது என்பதை அறிந்து கொடுப்பது கொடையின் பெறுமதியைக் கூட்டும்.

பெண்கல்வியின் வரலாற்றிலிருந்தே தொடங்கலாம். 1824 இல் உடுவிலில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையை ஆரம்பித்தார். அந்நாளில் ஒரு பெண்பிள்ளையைப் படிப்பிப்பதென்றால் வீட்டிலிருந்து அழைத்துச் சென்று விடுதியில் வைத்துப் படிப்பிக்க வேண்டியிருந்தது. அந்த விடுதிகள் வழியைத் திறந்தன. ஆனால் எல்லாப் பெண்பிள்ளைகளையும் எட்டியவை ஊருக்குள் எழுந்த பாடசாலைகளும், 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியுமே. காலையில் வீட்டிலிருந்து நடந்து போய் மத்தியானம் திரும்பி வரக்கூடிய தூரத்தில் பாடசாலை வந்தபோதுதான், 'பெட்டைப் பிள்ளைக்கு ஏன் படிப்பு' என்ற கேள்வி மெல்ல மெல்ல ஓய்ந்தது.

இடர்ப்பாடுள்ள பிள்ளைகளின் கல்வியும் இதே பாதையில்தான் வந்திருக்கிறது. இலங்கையில் 1912 இல் மேரி சப்மன் அம்மையார் செவிப்புலன், விழிப்புலன் அற்றோருக்கான பாடசாலையை நிறுவினார். பின்னர் வடக்கிலே கைதடி நவீல்ட் பாடசாலை தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்தக் கதவைத் திறந்தது. கென்யாவில் 1946 இல் திக்கா நகரிலே இரட்சணிய சேனையினர் விழிப்புலனற்றோருக்கான பாடசாலையைத் தொடங்கினார்கள். யாரும் ஏறெடுத்துப் பார்க்காத பிள்ளைகளை இந்த நிறுவனங்கள் ஆளாக்கின. அவற்றின் பெருமையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் விடுதியில் எத்தனை கட்டில் போடலாம்? நூறு, இருநூறு. நாடு முழுவதிலும் வீட்டுக் கோடிக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு அது எப்படிப் போதும்? அதுவும் தூர இடத்து விடுதிக்கு விழிப்புலனற்ற மகனை அனுப்பத் துணிகிற தாய்கூட, விழிப்புலனற்ற மகளை அனுப்பத் தயங்குவாள். அந்தத் தயக்கத்தின் நியாயம் எமக்குத் தெரியும்.

1990 களில் கிழக்கு, தெற்கு ஆபிரிக்க நாடுகளில் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. 1994 இல் மலாவி ஆரம்பக் கல்விக்கான கட்டணத்தை நீக்கியது. ஏறத்தாழ 19 இலட்சமாக இருந்த மாணவர் தொகை ஒரே ஆண்டில் 30 இலட்சத்தை அண்மித்தது. உகண்டா 1997 இல் அவ்வாறு செய்தபோது ஏறத்தாழ 30 இலட்சம் 50 இலட்சத்தைத் தாண்டியது. 2003 இல் கென்யா செய்தபோது ஏறக்குறைய 59 இலட்சம் 72 இலட்சமாகியது. மலாவி கட்டணத்தை நீக்கிய அதே 1994 இல், ஸ்பெயினின் சலமன்கா நகரில் கூடிய 92 அரசாங்கங்களின் பிரதிநிதிகள், வலுவான காரணம் இருந்தாலன்றி எல்லாப் பிள்ளைகளையும் சாதாரண பாடசாலைகளிலேயே சேர்க்க வேண்டும் என்ற நிலைப்பாட்டை ஏற்றுக்கொண்டார்கள்.

கதவு திறந்தது. உள்ளே போன பிள்ளைக்கு என்ன நடந்தது? நூறு பிள்ளைகள் நிலத்தில் அமர்ந்திருக்கும் ஒரு வகுப்பை நினைத்துப் பாருங்கள். ஓர் ஆசிரியை, ஒரு கரும்பலகை. சில இடங்களில் வகுப்பறை மரநிழல்தான். அந்தக் கூட்டத்தில் கரும்பலகை தெரியாத ஒரு சிறுமி இருக்கிறாள். ஆசிரியை நல்லவர்தான், ஆனால் அவருக்குப் பிரெயில் தெரியாது, பார்வைக் குறைபாட்டைப் பற்றி அவருக்கு எவரும் எதுவும் சொல்லிக் கொடுத்ததில்லை. சிறுமி தினமும் வருவாள், கேட்டுக்கொண்டிருப்பாள், போவாள். வரவுப் பதிவேட்டில் அவள் பெயர் இருக்கும். கற்றவர்களின் கணக்கில் இருக்காது. சில மாதங்களில் வரவுப் பதிவேட்டிலிருந்தும் மறைந்துவிடுவாள்.

ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரு விசேட கல்வி ஆசிரியரை நியமிக்க இந்நாடுகளால் முடியாது. ஆனால் ஓர் ஆசிரியரைப் பயிற்றி, ஒரு மோட்டார் சைக்கிளைக் கொடுத்து, ஒரு பிரதேசத்திலுள்ள பல பாடசாலைகளுக்கும் மாறி மாறிச் செல்ல வைக்கலாம். இவர்களையே நடமாடும் ஆசிரியர்கள் என்கிறோம். நடமாடும் நூலகம், நடமாடும் சேவை என்பன எமக்குப் பழகிய சொற்கள். இதுவும் அந்த வகையே. கென்யாவில் 1984 இல் டென்மார்க்கின் உதவியுடன் மாவட்டங்கள் தோறும் பிள்ளைகளைப் பரிசோதித்து வழிகாட்டும் மதிப்பீட்டு நிலையங்கள் தொடங்கப்பட்டன. 1986 இல் விசேட கல்வி ஆசிரியர்களுக்கான தேசிய நிறுவகம் உருவாகியது. உகண்டாவில் கியாம்போகோ பல்கலைக்கழகமும் மலாவியில் மொன்ட்போர்ட் கல்லூரியும் இத்தகைய ஆசிரியர்களைப் பயிற்றுகின்றன. இம்மூன்று நாடுகளிலும் பார்வைக் குறைபாடுடைய பிள்ளைகளுக்காகவே இந்த முறை பெரிதும் வளர்ந்தது. எனவே எமது உதாரணங்களையும் அத்துறையிலிருந்தே எடுத்துக்கொள்கிறோம்.

நடமாடும் ஆசிரியையின் வேலை பாடசாலையில் தொடங்குவதில்லை, வீட்டில் தொடங்குகிறது. பிள்ளை இருக்கிறது என்பதையே முதலில் கண்டுபிடிக்க வேண்டும். கிராமத் தலைவரிடம், தேவாலயத்தில், சுகாதார ஊழியரிடம், மற்றப் பிள்ளைகளிடம் விசாரித்து அறிய வேண்டும். வீட்டுக்குப் போய், 'இந்தப் பிள்ளை படிக்கும்' என்று பெற்றோரை நம்பவைக்க வேண்டும். ஒருமுறை சொன்னால் நம்பமாட்டார்கள். திரும்பத் திரும்பப் போகவேண்டும். போகிற ஒவ்வொரு முறையும் பிள்ளைக்கு ஏதாவது ஒன்றைப் பழக்கிக் காட்ட வேண்டும்: தானே கழுவி உடுத்துவது, தண்ணீர் அள்ளுவது, பிரம்பால் நிலத்தைத் தட்டிப் பார்த்துப் பாதையறிந்து நடப்பது. பிள்ளை தனியாகக் கிணற்றடிக்குப் போய் வருவதைக் கண்ட பிறகு பெற்றோரின் பேச்சு மாறும்.

அடுத்தது கண் சிகிச்சை நிலையம். விழிப்புலனற்றவர் என்று ஊர் சொல்லும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு ஓரளவு பார்வை உண்டு. சிலருக்குச் சத்திரசிகிச்சை உதவும். சிலருக்குக் கண்ணாடி போதும். சிலருக்கு உருப்பெருக்கி வில்லை ஒன்றிருந்தால் அச்செழுத்தையே வாசிக்கலாம். இது தெரியாமல், கண்ணால் எழுத்தைப் பார்க்கக்கூடிய பிள்ளைக்கும் பிரெயில் கற்பித்த காலம் இருந்தது. அந்தப் பிள்ளைகள் விரலால் தடவ வேண்டிய புள்ளிகளைக் குனிந்து கண்ணால் பார்த்து வாசித்தார்கள். பிள்ளை எவ்வளவு தூரத்தில் எவ்வளவு பெரிய எழுத்தைப் பார்க்கிறது, எந்த வெளிச்சத்தில் நன்றாகப் பார்க்கிறது என்பதை அளந்து பார்ப்பது நடமாடும் ஆசிரியையின் முதற் கடமைகளில் ஒன்று. சத்திரசிகிச்சைக்குப் பின் கொடுத்த கண்ணாடியைப் பிள்ளை போடுகிறதா, பெட்டிக்குள் வைத்திருக்கிறதா என்று போய்ப் பார்ப்பவரும் அவரே. வைத்தியருக்கு அதற்கு நேரமில்லை.

மலாவியில் இந்த வேலைக்கு இன்னுமொரு முகம் உண்டு. தோலிலும் முடியிலும் கண்ணிலும் நிறமி இல்லாமல், அல்பினிசம் என்னும் நிலையோடு பிறக்கும் பிள்ளைகள் அங்கே கணிசமாக உள்ளனர். அவர்களுடைய கண் வெளிச்சத்துக்குக் கூசும். தூரப் பார்வை குறைவு. புத்தகத்தை மூக்கருகே பிடித்தே வாசிப்பார்கள். 'எட்டப் பிடித்து வாசி' என்று அதட்டாமல் விட்டாலே பாதி உதவி. வெயில் முகத்தில் படாத இடத்தில், கரும்பலகைக்கு அருகில் இருத்துவதும், அகன்ற விளிம்புத் தொப்பியும் நீண்ட கைச் சட்டையும் அணிய அனுமதிப்பதும் செலவில்லாத காரியங்கள். 2014 இன் பிற்பகுதியிலிருந்து மூடநம்பிக்கை காரணமாக இவர்கள் மீது கொடிய தாக்குதல்கள் நடந்தன. பாடசாலைக்கு நடந்து போகும் பாதையே ஆபத்தாயிற்று. அத்தகைய வேளையில், வகுப்பில் இவர்களைப் பற்றிய உண்மையை எடுத்துச் சொல்லி, கூட நடந்து வரத் தோழர்களை ஒழுங்கு செய்யும் ஓர் ஆசிரியையின் பெறுமதி பாடத்தோடு நின்றுவிடுவதில்லை.

மூன்றாவதாகத்தான் வகுப்பறை. முழுதாகப் பார்வையற்ற பிள்ளைக்குப் பிரெயில் வேண்டும். ஆறு புள்ளிகளுக்குள் அடங்கும் எழுத்து அது. விலை குறைந்த வழி, துளைச் சட்டகமும் ஊசியும். தாளின் பின்புறமாகக் குத்துவதால் வலமிருந்து இடமாக எழுதி, திருப்பி இடமிருந்து வலமாக வாசிக்க வேண்டும். ஒரு சிறு பிள்ளைக்கு இது பிடிபட நாட்கள் செல்லும். பேர்க்கின்ஸ் பிரெயில் இயந்திரம் இலகுவானது; ஆனால் விலை கூடியது, ஏறத்தாழ 5 கிலோ பாரமானது. அதை மோட்டார் சைக்கிளின் பின்னே கட்டிக்கொண்டு மழைகாலச் சேற்றுப் பாதையில் போவது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிள்ளைக்குக் கற்பிப்பதோடு வகுப்பாசிரியைக்குக் கைகொடுப்பதும் இவருடைய வேலை. 'பலகையில் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள்.' 'இங்கே பார், அங்கே பார் என்னாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.' 'கணக்குப் பாடத்தில் அவளை விட்டுவிடாதீர்கள், மணிச்சட்டத்தில் செய்யட்டும்.' 'சோதனையில் அவளுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்.' இவை சிறிய காரியங்கள். ஆனால் நடமாடும் ஆசிரியை மாதத்தில் சில மணித்தியாலங்களே வருகிறார். வகுப்பாசிரியையோ தினமும் இருக்கிறார். அவருடைய பயத்தைப் போக்குவதுதான் இந்த வருகையின் மிகப் பெரிய பயன்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும். ஓர் ஆசிரியைக்கு 15 பாடசாலைகளும் அவற்றில் 20 பிள்ளைகளும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு இரண்டு பாடசாலைக்குப் போகலாம் என்றால், ஐந்து நாளில் 10 பாடசாலை. ஒவ்வொரு பாடசாலையையும் ஒன்றரைக் கிழமைக்கு ஒருமுறை பார்க்கலாம். இப்போது, பெற்றோலுக்குக் கிடைத்த பணம் கிழமையில் இரண்டு நாளுக்கே போதும் என்றால்? நான்கு பாடசாலைதான். ஒரு பிள்ளையை ஏறத்தாழ மாதம் ஒருமுறையே பார்க்கலாம். அதற்குள் ஒரு மழை, ஒரு பரீட்சை விடுமுறை, ஒரு பழுதான ரயர் வந்தால் தவணைக்கு இரண்டு முறை. பதவியும் சம்பளமும் அப்படியேதான் இருக்கின்றன. பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது மட்டும் நாலில் ஒரு பங்கு.

இந்தத் திட்டங்கள் சறுக்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதாம். வெளிநாட்டு உதவியோடு வாகனம் வருகிறது; திட்டம் முடிந்ததும் எரிபொருளுக்கும் உதிரிப் பாகத்துக்கும் எவருடைய வரவுசெலவுத் திட்டத்திலும் இடமிருப்பதில்லை. சில இடங்களில் நடமாடும் ஆசிரியைக்குச் சொந்தமாக ஒரு வகுப்பும் உண்டு. அந்த வகுப்பை விட்டுவிட்டு அவர் வெளியே போவதை அதிபர் விரும்புவதில்லை. வேறு சில இடங்களில், போன பாடசாலையில் 'இவர் யார், எங்களைச் சோதிக்க வந்தவரா' என்று பார்க்கிறார்கள். ஆகவே இந்த ஆசிரியைக்கு மூன்று பாதுகாப்புகள் வேண்டும்: வெளியே செல்வதற்கென்று நேரசூசியில் எழுதப்பட்ட நேரம், தடையில்லாத பயணச் செலவு, கல்வி அலுவலகம் தந்த அதிகாரம். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் மீதி இரண்டும் பெயரளவிலேயே இருக்கும்.

இந்த முறைக்கு எல்லைகளும் உண்டு. அவற்றையும் சொல்வது கடமை. பிரெயில் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்குக் கிழமைக்கு ஒருமுறை வருகை போதாது. ஆரம்ப மாதங்களில் நாள்தோறும் பழக்கம் வேண்டும். அதற்கு அருகிலுள்ள ஒரு பாடசாலையில் வளநிலையம் ஒன்று அமைத்து, அங்கே அடித்தளத்தைப் போட்டபின் ஊருக்கு அனுப்புவது நல்லது. செவிப்புலனற்ற பிள்ளையின் நிலை இன்னும் வேறு. சைகைமொழி ஒரு மொழி. மொழி வளரப் பேச ஆட்கள் வேண்டும். ஓர் ஊர்ப் பாடசாலையில் தன்னந்தனியாக இருக்கும் செவிப்புலனற்ற பிள்ளைக்கு, மாதமொருமுறை வரும் ஆசிரியையோடு மட்டும் ஒரு மொழி வளராது. அவர்களுக்குத் தம்மைப் போன்ற பிள்ளைகளும் சைகைமொழி அறிந்த பெரியவர்களும் இருக்கும் இடம் தேவை. 2006 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட இயலாமையுடைய ஆட்களின் உரிமைகள் பற்றிய சமவாயத்தின் 24 ஆம் உறுப்புரை, பிரெயிலையும் சைகைமொழியையும் கற்பதற்கு வழிசெய்ய வேண்டும் என்கிறது; அவற்றில் தேர்ச்சி பெற்ற ஆசிரியர்களை, இயலாமையுடைய ஆசிரியர்களையும் உட்பட, நியமிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. விழிப்புலனற்ற ஓர் ஆசிரியை ஊர்ப் பாடசாலைக்கு வந்து பிரெயிலில் வாசித்துக் காட்டினால், எந்தச் சொற்பொழிவும் செய்யாத வேலையை அது செய்யும்.

ஆகவே, பழைய விசேட பாடசாலைகளை மூடிவிட்டு எல்லாப் பிள்ளைகளையும் ஊர்ப் பாடசாலைக்கு அனுப்பினால் சரி என்று நாம் சொல்லவில்லை. அந்தப் பாடசாலைகளிலே பல பத்தாண்டுகளாகச் சேர்ந்திருக்கும் அறிவு ஒரு மதிலுக்குள் இருந்துவிடாமல், வீதியால் ஊர்களுக்குப் போகவேண்டும் என்றே சொல்கிறோம்.

எம் நாட்டுக்கு வருவோம். இலங்கையின் நிலை மலாவியின் நிலையல்ல. எமக்கு விசேட பாடசாலைகள் உண்டு. சாதாரண பாடசாலைகளோடு இணைந்த விசேட கல்வி அலகுகள் உண்டு. வலயக் கல்வி அலுவலகங்களில் பாடசாலைகளுக்குச் சென்று வழிகாட்டும் ஆசிரிய ஆலோசகர்கள் உண்டு. மேற்சொன்ன சமவாயத்தை 2016 இல் இலங்கையும் ஏற்று உறுதிப்படுத்தியது. ஆயினும் அலகு ஒரு பாடசாலையில் இருக்க, பிள்ளை பத்துக் கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தால், பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போக ஒரு தாய் தன் நாட்கூலியை விடவேண்டியிருக்கிறது. பிள்ளையை ஆசிரியையிடம் கொண்டுபோவதா, ஆசிரியையைப் பிள்ளையிடம் அனுப்புவதா என்ற கேள்வி எமக்கும் உரியதே. ஆபிரிக்காவிலிருந்து பெற்றுக்கொள்ள எமக்கு ஒன்றுமில்லை என்று எண்ணிவிடக் கூடாது.

இனி, பழைய மாணவிகளாகிய நாம் என்ன செய்யலாம்?

ஒன்று, நிதி கேட்டு வரும் எந்த அமைப்பிடமும், அது எந்த நாட்டுக்கானதாயினும், ஒரு கேள்வியைக் கேட்போம்: 'கடந்த தவணையில் ஒரு பிள்ளையை ஆசிரியை எத்தனை தடவை போய்ப் பார்த்தார்?' எத்தனை பேர் பயிற்றப்பட்டார்கள், எத்தனை உபகரணம் வழங்கப்பட்டது என்பவற்றுக்கு விடை உடனே வரும். எமது கேள்விக்கு விடை இருக்கிற இடத்தில் வேலை நடக்கிறது.

இரண்டு, கட்டடத்துக்குக் கொடுப்பதைப் போலவே பயணத்துக்கும் கொடுக்கப் பழகுவோம். கட்டடத்தில் பெயர் பொறிக்கலாம். பெற்றோலில் பொறிக்க முடியாது. நன்கொடையாளர் பலர் முன்னதை நாடுவதற்குக் காரணம் அதுவே. ஆனால் ஐந்து ஆண்டுகளுக்குத் தவறாமல் வருகிற ஒரு சிறு தொகை, ஓர் ஆசிரியையை ஐந்து ஆண்டுகளுக்கு வீதியில் வைத்திருக்கும். ஒரே தடவையில் வருகிற பெரிய தொகையால் இயலாத காரியம் அது.

மூன்று, எமது பாடசாலையைப் பற்றியது. நூறு ஆண்டுகளாக இந்த வாயிலால் எத்தனை பேர் வந்து போனோம் என்ற பெருமையை இம்மலர் பதிவு செய்கிறது. இந்த ஊரில் இருந்தும் இந்த வாயிலுக்குள் வராத பிள்ளைகள் யார் என்பதையும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று அதிபரையும் சங்கத்தையும் பணிவோடு கேட்கிறோம். அயற் கிராமங்களில் வீட்டோடு இருக்கும் பெண்பிள்ளைகளின் விவரத்தை, சங்க உறுப்பினர் சிலர் வலயக் கல்வி அலுவலகத்தின் துணையோடு வீடு வீடாகச் சென்று திரட்டலாம். அத்தகைய ஒரு பிள்ளையைச் சேர்ப்பதற்கு எமது வகுப்பாசிரியைகளுக்கு என்ன உதவி வேண்டும் என்று கேட்கலாம். பிரெயிலும் சைகைமொழியும் அறிந்த ஓர் ஆசிரியை இங்கேயும் அயற் பாடசாலைகளுக்கும் மாறி மாறி வந்து போவதற்கான செலவை, உலகெங்கும் பரந்திருக்கும் எமது கிளைகள் பங்கிட்டுக்கொண்டால் அது யாருக்கும் பாரமாகாது.

எங்கள் பாட்டிமாரின் காலத்தில், பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லி வீட்டுப் படலையைத் தட்டிய ஆசிரியைகள் இருந்தார்கள். அவர்கள் வந்து கேட்டிராவிட்டால் இந்த மண்டபத்தில் எம்மில் பலர் இன்று இருந்திருக்கமாட்டோம். கிராமத்துச் செம்மண் பாதையில் ஓர் ஆசிரியை இன்று செய்வதும் அதே வேலைதான். அந்த ஆசிரியையின் பயணம் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது, படித்த பெண்களாகிய எமது கடன்.